மான் எந்த வயதில் சாகிறது? கிண்டிக் காட்டிலிருந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கிண்டியிலோ ஐஐடி வளாகத்திலோ மான்கள் செத்தால் பேப்பரில் செய்தி வருகிறது. எத்தனை செத்தன என்று எண்ணிக்கையும் வருகிறது. அவற்றுக்கு என்ன வயது என்பது மட்டும் அநேகமாக வருவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் கேட்கவேண்டிய கேள்வியே அதுதான். பிறந்து இரண்டு வாரமான குட்டி, ஐந்து வயதுப் பெண்மான், பல் தேய்ந்துபோன கிழட்டு மான் என இந்த மூன்றில் எது செத்தாலும் கணக்கில் ஒன்றுதான் குறையும். ஆனால் குட்டி சாவது வருடாவருடம் நடப்பது, கிழம் சாவது முறை. ஐந்து வயதுப் பெண்மான்கள் வரிசையாகச் செத்தால் அந்தக் கூட்டத்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்று பொருள்.

வேளச்சேரி, கோட்டூர்புரம், தரமணிப் பக்கம் தினமும் மான் பார்க்கிறவர்களுக்கும், விலங்கியல் படிக்கிற பிள்ளைகளுக்கும் உதவும்படி இதைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஒரு பெருநகரத்தின் நடுவில் மான் கூட்டத்தை வருடக்கணக்கில் பார்க்கும் வாய்ப்பு எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை.

படி 1: எந்த விலங்கைப் பார்க்கிறோம்?

கிண்டியில் முக்கியமாக இரண்டு உண்டு. புள்ளிமான், வெளிமான். புள்ளிமான் மான் குடும்பம். அதன் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும், ஆணுக்கு மட்டும்தான் உண்டு. வெளிமான் உண்மையில் மாடு, ஆடு இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் முறுக்குக் கொம்பு விழாது. வளர்ந்த ஆண் வெளிமானின் மேல்தோல் வயதாக ஆகக் கருக்கும். இளம் ஆண் பெண்ணைப் போலப் பழுப்பாகவே இருக்கும். வயது பார்க்கும் முறை இரண்டுக்கும் வேறு என்பதால் கணக்கைக் கலக்கக்கூடாது. இங்கே நான் பேசப்போவது பெரும்பாலும் புள்ளிமானைப் பற்றி.

படி 2: உயிரோடிருக்கும் மானின் வயதைத் தூரத்திலிருந்து கணிப்பது

சரியான வயது தெரியவேண்டும் என்றால் பிறந்த அன்றே அடையாளம் வைத்திருக்கவேண்டும். நமக்கு அது முடியாது. அதனால் வயது வகுப்புகளோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை: ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டி, ஒன்று முதல் இரண்டு வயது வரையான இளசு, இரண்டு வயதைத் தாண்டிய வளர்ந்த மான். கண்ணால் பார்த்து "இது ஆறு வயது, அது ஏழு வயது" என்று சொல்லமுடியாது.

குட்டியைப் புள்ளியை வைத்து அடையாளம் காண நினைக்காதீர்கள். குளிர் நாடுகளின் பல மான்களில் குட்டிக்குத்தான் புள்ளி இருக்கும், வளர வளர மறைந்துவிடும். நம் புள்ளிமானுக்கு ஆயுள் முழுக்கப் புள்ளிதான். உயரத்தையும் முகத்தையும் பாருங்கள். குட்டியின் முகம் குட்டையாக இருக்கும், கால்கள் உடம்புக்குப் பொருந்தாமல் நீளமாகத் தெரியும். பக்கத்தில் நிற்கும் வளர்ந்த பெண்மானின் முதுகு மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இளசுகள் உயரத்தில் கிட்டத்தட்ட எட்டிவிடும், ஆனால் கழுத்தும் மார்பும் ஒல்லியாக இருக்கும்.

ஆணுக்குக் கொம்பு ஒரு துணை. இரண்டாம் வயதில் வருவது பெரும்பாலும் கிளையில்லாத ஒற்றைக் குச்சி. அப்புறம் வருபவற்றில் பக்கத்துக்கு மூன்று கிளை என்பது புள்ளிமானின் வழக்கமான அமைப்பு. கிளையை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. வளர்ந்துவிட்ட புள்ளிமானுக்கு நான்கு வயதிலும் மூன்று கிளைதான், ஏழு வயதிலும் மூன்று கிளைதான். கொம்பின் நீளமும் பருமனும் இளமையில் கூடிக்கொண்டே போய், உடம்பு தளரும்போது குறையும். நடுத்தர நீளக் கொம்பைப் பார்த்தால் அது ஏறுமுகத்தில் இருக்கும் இளைஞனா, இறங்குமுகத்தில் இருக்கும் கிழவனா என்று கொம்பை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. அப்போது முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருக்கின்றனவா, வயிறு தொங்குகிறதா, கழுத்துச் சதை வற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

தனித்தனி மானை அடையாளம் வைத்துக்கொள்ள ஆசையிருந்தால் விலாவில் இருக்கும் புள்ளிகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். வயிற்றை ஒட்டிய கீழ்வரிசைப் புள்ளிகள் கோடுபோலச் சேர்ந்து ஓடும். எங்கே சேர்கின்றன, எங்கே விட்டுப்போகின்றன என்பது மானுக்கு மான் மாறும். இடது பக்கம் வேறு, வலது பக்கம் வேறு என்பதால் இரண்டு பக்கமும் எடுக்கவேண்டும்.

படி 3: செத்த மானின் தாடையைப் படிப்பது

வயதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கீழ்த்தாடையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் செவரிங்ஹாஸ் 1949ல் வெண்வால் மானின் பல் முளைப்பையும் தேய்மானத்தையும் வைத்து வயது சொல்லும் முறையை வகுத்தார். இன்றும் அங்கே வேட்டையைக் கண்காணிக்கும் அரசுத் துறைகள் பல அந்த வழியில் போகின்றன.

தாடையைக் கையில் வாங்கினால் முதலில் பார்க்கவேண்டியது முன்கடைவாய்ப் பற்களில் கடைசியானதை. அது பால்பல்லாக இருந்தால் மூன்று மடிப்பாக இருக்கும். அது விழுந்து வரும் நிலையான பல்லுக்கு இரண்டு மடிப்புதான். மூன்று மடிப்போடு தேய்ந்துபோன பல் இருந்தால் அந்த மான் இன்னும் முழுதாக வளரவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எல்லாப் பல்லும் மாறிய பிறகு தேய்மானம்தான் வழி. மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கீழ் முன்பல்லால் புல்லைப் பற்றிப் பறித்து, கடைவாய்ப் பல்லால் அரைத்து, அசைபோட்டு மறுபடி அரைக்கிறது. இளம் மானின் கடைவாய்ப் பல்லில் கூர்மையான முகடுகள் நிற்கும், அவற்றுக்கு நடுவே பழுப்பு நிறப் பல்திசு மெல்லிய கோடாகத் தெரியும். வருடம் போகப்போகப் பழுப்புக் கோடு அகலமாகும், வெள்ளை எனாமல் ஓரத்துக்கு ஒதுங்கும். கடைசியில் முகடே இல்லாமல் பல் தட்டையாக, சில இடத்தில் குழிந்தும் போய்விடும். ஆனால் மண்ணும் மணலும் ஒட்டிய புல்லைத் தின்னும் மானுக்குப் பல் சீக்கிரம் தேயும். ஓரிடத்துத் தேய்மான அளவை இன்னோர் இடத்து மானுக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

பல்வேரைச் சுற்றிப் படியும் வளையங்களை அறுத்து எண்ணுவது இன்னொரு முறை. கடுங்குளிரும் கோடையும் மாறிமாறி வரும் நாடுகளில் வளையம் தெளிவாக விழும். நம்முடையது போன்ற வெப்ப நாட்டில் அந்தத் தெளிவு குறைவு.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டில் கிடக்கும் தாடை, மண்டை, உதிர்ந்த கொம்பு எதையும் நாமாக எடுத்து வரக்கூடாது. போட்டோ போதும். தாடையைத் தொட்டுப் படிப்பது வனத்துறை அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை.

படி 4: ஆயுள் அட்டவணை போடுவது

இதுதான் இந்தத் துறையின் முதுகெலும்பு. இன்ஷூரன்ஸ்காரர்கள் மனிதர்களுக்குப் போடும் அதே அட்டவணைதான். ஒரே வருடத்தில் பிறந்த குட்டிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எத்தனை மிச்சம் இருக்கின்றன, அடுத்த பிறந்தநாளுக்குள் எத்தனை சாகின்றன என்று எழுதவேண்டும்.

கீழே இருப்பது விளக்கத்துக்காக நான் போட்ட கற்பனைக் கணக்கு. எந்தக் காட்டில் எடுத்ததும் இல்லை. ஆனால் வளைவின் வடிவம் உண்மையான மான் கூட்டங்களில் காண்பதைப் போலவே இருக்கும். 100 பெண்குட்டிகளில் தொடங்குவோம்.

பிறப்பு: 100 உயிரோடு, முதல் வருடத்தில் 45 சாவு
1 வயது: 55, சாவு 8
2 வயது: 47, சாவு 4
3 வயது: 43, சாவு 3
4 வயது: 40, சாவு 3
5 வயது: 37, சாவு 3
6 வயது: 34, சாவு 4
7 வயது: 30, சாவு 5
8 வயது: 25, சாவு 7
9 வயது: 18, சாவு 7
10 வயது: 11, சாவு 6
11 வயது: 5, சாவு 3
12 வயது: 2, சாவு 2

இதை மூன்று விதமாகப் படிக்கலாம். முதலாவது, சாவு எண்ணிக்கைக்கும் சாவு அபாயத்துக்கும் உள்ள வேறுபாடு. எட்டு வயதிலும் ஏழு சாவு, ஒன்பது வயதிலும் ஏழு சாவு. பிணத்தை எண்ணுகிறவருக்கு இரண்டும் சமம். ஆனால் எட்டு வயதில் 25ல் ஏழு, அதாவது 28 சதவீதம். ஒன்பது வயதில் 18ல் ஏழு, அதாவது 39 சதவீதம். ஒரே வருடத்தில் அபாயம் அவ்வளவு ஏறியிருக்கிறது.

இரண்டாவது, சராசரி ஆயுள். இந்த அட்டவணைப்படி பிறக்கும் குட்டியின் சராசரி ஆயுள் சுமார் நான்கு வருடம். ஆனால் நான்கு வயதில் சாவது 100ல் மூன்றே மூன்று. பாதிக்கு நெருக்கமாக முதல் வருடத்திலேயே போய்விடுவதால்தான் சராசரி கீழே இழுக்கப்படுகிறது. இரண்டு வயதை எட்டிய மானை மட்டும் கணக்கெடுத்தால் அது சராசரியாக இன்னும் ஐந்தரை வருடத்துக்கு மேல் வாழும். "புள்ளிமான் சராசரியாக இத்தனை வருடம் வாழும்" என்று யாராவது சொன்னால், எந்த வயதிலிருந்து எண்ணிய சராசரி என்று கேளுங்கள்.

மூன்றாவது, வடிவம். சாவு அபாயத்தை வயதுக்கு எதிராக வரைந்தால் ஒரு தொட்டிலின் வளைவு மாதிரி வரும்: தொடக்கத்தில் உயரம், நடுவில் பள்ளம், கடைசியில் மறுபடி ஏற்றம். கிரேம் காக்லி 1966ல் நியூசிலாந்தின் இமயமலைத் தார் ஆடுகளையும் வேறு பல பாலூட்டிகளையும் ஒப்பிட்டு இதே வடிவத்தைக் காட்டினார். மான்களும் இதற்கு விலக்கில்லை.

சரி, காட்டில் கிடக்கும் மண்டைகளை எண்ணியே அட்டவணை போட்டுவிடலாமா? அப்படிச் செய்த புகழ்பெற்ற முயற்சி ஒன்று உண்டு. அலாஸ்காவில் அடால்ஃப் மியூரி சேகரித்த டால் காட்டாடுகளின் 608 மண்டைகளை வைத்து எட்வர்ட் டீவி 1947ல் ஆயுள் அட்டவணை போட்டார். அதன் பலவீனமும் அப்போதே பேசப்பட்டது: குட்டிகளின் மண்டை கிடைப்பதே அரிது. மெல்லிய எலும்பை நரி தின்றுவிடும், மிச்சம் மண்ணில் கரைந்துவிடும். நம் கற்பனைக் கணக்கில் செத்த 45 குட்டிகளில் ஐந்தின் மண்டைதான் கிடைத்தது என்று வையுங்கள். மற்ற வயதினர் 55ம் கிடைத்துவிட்டால் மொத்தம் 60 மண்டை, அதில் குட்டி எட்டு சதவீதம். உண்மை 45 சதவீதம். மண்டையை மட்டும் நம்பினால் முதல் வருடத்து அழிவு நம் கண்ணுக்கே வராது.

இதைவிட நம்பகமானது ஒரு பிறப்பு வருடத்து மான்களைக் கடைசிவரை பின்தொடர்வது. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் லோவ் என்பவர் 1957ல் உயிரோடிருந்த செம்மான்களின் கணக்கை, பின்னால் கிடைத்த தாடைகளைக் கொண்டு திருப்பிக் கட்டி 1969ல் வெளியிட்டார். அதே தீவின் வடபகுதியில் 1972 முதல் ஒவ்வொரு மானையும் தனித்தனியாகப் பிறப்பிலிருந்து இறப்புவரை பதிந்து வருகிறார்கள். டிம் கிளட்டன்-பிராக் தலைமையில் வளர்ந்த இந்த ஆய்வு அரைநூற்றாண்டைத் தாண்டிவிட்டது. மானின் முதுமையைப் பற்றி இன்று உறுதியாகச் சொல்லமுடிகிறது என்றால், தலைமுறை தலைமுறையாக அந்தக் குளிரில் நின்று குறிப்பெடுத்தவர்கள்தான் காரணம். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

படி 5: முதல் வருடம் ஏன் இவ்வளவு கொடியது?

பெண் புள்ளிமான் எட்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுமந்து, வழக்கமாக ஒரே குட்டி போடும். குட்டி முதல் நாட்களில் புதரில் அசையாமல் பதுங்கிக் கிடக்கும், தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். எழுந்து கூட்டத்தோடு ஓட ஆரம்பித்த பிறகும் வேகமும் அனுபவமும் போதாது. பெருங்காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் எல்லாவற்றுக்கும் இது எளிய இரை. பெரிய வேட்டை விலங்கு இல்லாத கிண்டியில் நரியும், தெரு நாய்களும் இருக்கின்றன.

வேட்டையைவிட ஆழமான காரணம் உடல் இருப்பு. குட்டியிடம் கொழுப்புச் சேமிப்பு கிடையாது. தின்பதெல்லாம் வளர்ச்சிக்கே போய்விடுகிறது. தாய்க்கு மேய்ச்சல் குறைந்தால் பால் குறைகிறது, பால் குறைந்தால் குட்டி மெலிகிறது, மெலிந்த குட்டியை நோயோ நாயோ கொண்டுபோகிறது. ரம் தீவில் எடை குறைவாகப் பிறந்த குட்டிகள் அதிகம் செத்தன. அங்கே பட்டினிக்காலம் குளிர்காலம். சென்னையில் அது கோடை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து புல்லைத் தழைக்கவைக்கும். மழை பொய்த்த வருடத்தில் ஏப்ரல், மே, ஜூனில் புல் சருகாகிக் குட்டைகள் வற்றும்போது முதலில் அடிவாங்குவது பால்குடி மறந்த குட்டிகளும் பாலூட்டும் தாய்களும்தான்.

கெட்ட வருடத்தில் பிறந்து பிழைத்துக்கொண்ட குட்டியும் முழுதாகத் தப்பியதாகச் சொல்லமுடியாது. பிரான்சின் ஷிசே, ட்ருவா ஃபோன்தேன் காடுகளில் பல பத்தாண்டுகளாக அடையாளமிட்டுப் படிக்கப்படும் ரோ மான்களில் (ஐரோப்பாவின் சின்ன மான் இனம் ஒன்று), பஞ்ச வருடத்துக் குட்டிகள் பெரியவையான பிறகும் உடலளவில் சிறுத்தே இருந்தன. இன்றைய வறட்சி ஐந்தாறு வருடம் கழித்துப் பிறக்கும் குட்டியின் எடையில் தெரியக்கூடும்.

படி 6: நடுவயது

இரண்டு வயதைத் தாண்டிய பெண்மான் எளிதில் சாவதில்லை. ஷான்-மிஷேல் கையார், மார்கோ ஃபெஸ்டா-பியாங்கே, நைஜல் யோக்கோஸ் மூவரும் 1998லும் 2000த்திலும் உலகெங்கும் உள்ள பெரிய தாவரவுண்ணிகளின் தரவுகளைத் திரட்டிச் சொன்னது இதுதான்: வளர்ந்த பெண்களின் பிழைப்பு அதிகம், வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறாது. குட்டிகளின் பிழைப்பு குறைவு, வருடத்துக்கு வருடம் தாறுமாறாக ஆடும்.

கஷ்டம் வந்தால் தாய் தன் உயிரைக் காத்துக்கொண்டு அந்த வருடத்துக் குட்டியை இழக்கிறது. அடுத்த வருடம் இன்னொன்று போடலாம். நமக்கு அது இரக்கமில்லாததாகத் தெரிந்தாலும், நீண்ட ஆயுளுள்ள விலங்குக்கு அதுவே பிழைப்பு வழி.

இதிலிருந்து பாதுகாப்புக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு கணக்கு வருகிறது. வளர்ந்த பெண்மான்களில் வருடத்துக்கு 92 சதவீதம் பிழைக்கின்றன என்று வைத்தால், முதுமையைக் கணக்கில் எடுக்காமல், ஒரு மான் சராசரியாகப் பன்னிரண்டரை வருடம் பெரியவளாக வாழும். அது 82 சதவீதமாக இறங்கினால் ஐந்தரை வருடம்தான். பத்தே சதவீதம் குறைந்ததில் அவள் போடக்கூடிய குட்டிகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. குட்டிகளின் பிழைப்பு அதே அளவு குறைந்தால் கூட்டம் தாங்கும். அதனால்தான் ஐந்து வயதுப் பெண்மானின் சாவு என்னை உலுக்குகிறது.

படி 7: முதுமை

காட்டு விலங்கு கிழடாவதற்கு முன்பே ஏதாவது கொன்றுவிடும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். நீண்டகால ஆய்வுகள் அதை உடைத்துவிட்டன. ரோ மானில் எட்டு வயதை ஒட்டியே பிழைப்பு குறையத் தொடங்குகிறது. செம்மானில் இன்னும் சற்றுத் தாமதமாக. காட்டுப் புள்ளிமானின் ஆயுள் பொதுவாக ஒன்பது முதல் பதின்மூன்று வருடம் என்பார்கள். பாதுகாப்பான அடைப்பில் அதைவிட நீளும்.

பல்லில்தான் முதுமை முதலில் தெரியும். கடைவாய்ப் பல் தட்டையானதும் புல் சரியாக அரைபடாது. பெரிய துண்டுகள் செரிக்க நேரமெடுக்கும், சத்து முழுதாகக் கிடைக்காது. வயிறு நிறைய இலை இருந்தும் உடம்பு வற்றிக்கொண்டே போகும். அந்த நிலையில் வரும் முதல் கடுங்கோடை முடித்துவிடும். சாவுக்கான காரணம் என்று வறட்சியை எழுதுவோம், உள்ளே இருந்த காரணம் பல்.

மூட்டும் அப்படித்தான். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் இருக்கும் ஐல் ராயல் தீவில் 1958 முதல் ஓநாயையும் மான் குடும்பத்தின் மிகப்பெரிய விலங்கான மூஸையும் படித்துவருகிறார்கள். ஓநாய் தின்றவற்றில் கன்றுகளும் கிழங்களும் அதிகம். அந்தக் கிழங்களின் எலும்பில் மூட்டுவாதமும் தாடையில் பல்நோயும் தெரிந்தன. நடுவயது மூஸ் எதிர்த்து நின்றால் ஓநாய்கள் பெரும்பாலும் விட்டுவிடும்.

கிழங்களின் சராசரியைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பத்து வயது வரை வந்தவை ஆரம்பத்திலிருந்தே வலுவாக இருந்தவை. நோஞ்சான்கள் முன்பே போய்விட்டன. பத்து வயது மான்களையும் ஐந்து வயது மான்களையும் பக்கத்தில் வைத்து "பெரிய வித்தியாசம் இல்லையே" என்று சொல்லிவிடக்கூடாது. ஒரே மானை ஐந்து வயதிலும் பத்து வயதிலும் பார்த்தால்தான் தளர்ச்சி தெரியும்.

படி 8: ஆணும் பெண்ணும் வேறு வேறு அட்டவணை

ஆண்களுக்குத் தனி அட்டவணை போடுங்கள். பல பெண்களுக்காக ஆண்கள் மோதும் இனங்களில் ஆணின் ஆயுள் குறைவு. பெரிய உடம்பு கட்டவேண்டும், கொம்பு ஒவ்வொரு முறையும் புதிதாக வளர்க்கவேண்டும், இணைசேரும் காலத்தில் தின்னாமல் சுற்றவேண்டும், சண்டையில் காயம் படவேண்டும். ஆண் செம்மான்களுக்கு ஏழு முதல் பத்து வயதுவரைதான் உச்சம்.

நம் நாட்டுச் சான்று ஒன்று: கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் காரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் 1995ல் வெளியிட்ட ஆய்வில், வேட்டை விலங்குகள் கொன்ற புள்ளிமான்களிலும் கடமான்களிலும் வளர்ந்த ஆண்களின் பங்கு கூட்டத்தில் உள்ள பங்கைவிட அதிகமாக இருந்தது. பெண்களே அதிகமுள்ள கூட்டத்தைப் பார்த்துப் பதறவேண்டாம். அது மான்களின் இயல்பு.

படி 9: சென்னையில் சாவு யாரைத் தேர்ந்தெடுக்கிறது?

கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். 1910ல் காப்புக்காடானது. 1958ல் ஒரு பகுதி ஐஐடிக்குப் போனது. 1978ல் தேசியப் பூங்கா ஆனது. புலி, சிறுத்தை, செந்நாய் எதுவும் இல்லை. சுற்றிலும் சுவரும் சாலையும்.

வேட்டை விலங்கு பெரும்பாலும் பலவீனமானதைப் பிடிக்கும். சர்தார் படேல் சாலையில் போகும் வண்டி வயது பார்த்து மோதாது. வேலிக்கம்பியும் அப்படித்தான். பிளாஸ்டிக் பையைத் தின்னும் மானும் எந்த வயதிலும் இருக்கலாம். உப்பும் சாப்பாட்டு வாசனையும் ஒட்டிய பை வயிற்றில் சுருண்டு, வெளியே போகாமல், வருடக்கணக்கில் சேரும். வாழும் வருடம் கூடக்கூடச் சேரும் வாய்ப்பும் கூடும். தொட்டில் வளைவின் நடுப்பள்ளம் இயற்கையில் பாதுகாப்பான இடம். நகரத்தின் சாவுகள் அந்தப் பள்ளத்தைத்தான் மேடாக்குகின்றன. என் கவலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. குட்டி சாவதைத் தடுக்க நம்மால் அதிகம் செய்யமுடியாது. ஐந்து வயது மான் பை தின்று சாவதை நிச்சயம் தடுக்கமுடியும்.

படி 10: கூட்டம் நெருக்கமானால் எந்த வரிசையில் அடி விழும்?

லீ எபர்ஹார்ட் 1977ல் ஒரு வரிசையை முன்வைத்தார். உணவுக்கு நெருக்கடி வந்தால் முதலில் குட்டிகளின் சாவு கூடும். அடுத்து, பெண்கள் முதல் குட்டி போடும் வயது தள்ளிப்போகும். அப்புறம் வளர்ந்த பெண்கள் குட்டி போடுவதே குறையும். கடைசியில்தான் வளர்ந்த பெண்கள் சாகத் தொடங்கும். ரம் தீவின் வடபகுதியில், எண்ணிக்கையைக் குறைக்க மான்களைச் சுடுவதை நிறுத்தியதும் பெண்மான்கள் பெருகின, குட்டிகளின் குளிர்காலப் பிழைப்பு குறைந்தது.

இந்த வரிசை ஒரு முன்னெச்சரிக்கை. மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே குட்டிகள் குறைந்தால் நெருக்கடி ஆரம்பித்துவிட்டது. அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 1944ல் 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். வேட்டை விலங்கே இல்லை. 1963ல் சுமார் 6,000. ஒரு கொடிய குளிர்காலம் வந்தது. 1966ல் எண்ணியபோது 42 மிச்சம். அதில் 41 பெண், ஒரே ஒரு ஆண், அதுவும் கொம்பு சரியாக வளராதது. குட்டி ஒன்றுகூட இல்லை. கிண்டியில் அப்படிக் குளிர் வராது. ஆனால் சுவருக்குள் இருக்கும் மான் கூட்டம் தீவில் இருப்பதைப் போன்றதுதான், மேய்ச்சல் தீர்ந்தால் வேறெங்கும் போகமுடியாது.

படி 11: நீங்களே குறிப்பெடுப்பது

அனுமதியுள்ள பாதையில், ஒரே நேரத்தில், ஒரே தடத்தில் போங்கள். கூட்டத்தில் குட்டி எத்தனை, இளசு எத்தனை, வளர்ந்த பெண் எத்தனை, ஆண்களில் குச்சிக் கொம்பு, மெல்லிய ரோமத்தோல் மூடிய வெல்வெட் கொம்பு, அந்தத் தோல் உரிந்த கெட்டிக் கொம்பு எத்தனை என்று எழுதுங்கள். சந்தேகமானதைத் தனியாக எழுதுங்கள், ஊகித்து வகுப்பில் தள்ளாதீர்கள். புள்ளிமான் வருடம் முழுக்கவே குட்டி போடக்கூடியது, ஆனாலும் சில மாதங்களில் அதிகம். ஜனவரிக் கணக்கை ஆகஸ்ட் கணக்கோடு ஒப்பிடாமல், இந்த ஜனவரியை அடுத்த ஜனவரியோடு ஒப்பிடுங்கள்.

பிறகு 100 வளர்ந்த பெண்களுக்கு எத்தனை குட்டி என்று பாருங்கள். இந்த விகிதத்தில் ஒரு பொறி உண்டு. போன வருடம் 100 பெண், 50 குட்டி. இந்த வருடம் 60 பெண், 36 குட்டி. விகிதம் 50லிருந்து 60 ஆக ஏறிவிட்டது, பார்த்தால் முன்னேற்றம். உண்மையில் 40 பெண்மான்கள் போய்விட்டன. விகிதத்தை எழுதும்போது பக்கத்திலேயே பெண்களின் எண்ணிக்கையையும் எழுதினால் இந்தத் தவறு நேராது.

தனியாகப் படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் தொடாதீர்கள், தூக்காதீர்கள், சுற்றி நின்று போட்டோ எடுக்காதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும், ஆள் இருக்கும்வரை வராது. அடிபட்ட மானைக் கண்டால் துரத்திப் பிடிக்கப் பார்க்காதீர்கள். பயத்தில் ஓடும் மானின் தசையே சிதைந்து, காயம் சின்னதாக இருந்தும், பிடித்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துவிடுவது உண்டு. நாய்களையும் கூட்டத்தையும் விலக்கி நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

செத்த மானைப் பார்த்தால் இடம், தேதி, ஆணா பெண்ணா, எந்த வயது வகுப்பு, உடம்பு மெலிந்ததா தேறியதா, வெளிக்காயம் உண்டா, பாலூட்டும் மடியா என்று எழுதி, விலாவின் இரண்டு பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து வனக்காப்பாளரிடம் கொடுங்கள். பிரேதப் பரிசோதனை நடந்தால் பல்லின் நிலையையும் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள்.